முதல் முறையாக நானே ஆயில் மாற்றுகிறேன், ஃபில்டர் அசையவே இல்லை, உதவுங்கள்

கேட்டவர்:
வணக்கம். டீசல் பிக்கப் வண்டி, டர்போ உள்ளது, புகைக்குழாயில் டிபிஎஃப் (புகையின் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி) இருக்கிறது. இதுவரை ஆயில் மாற்றியதெல்லாம் ஒர்க்‌ஷாப்பில்தான். இந்த முறை நானே மாற்றலாம் என்று ஆயில், ஃபில்டர், ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு இறங்கினேன். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு வெதுவெதுப்பாக்கி, அணைத்து, ட்ரெயின் போல்ட்டைக் கழற்றினேன். பழைய ஆயில் சொட்டு சொட்டாக நிற்கும் வரை வடிந்துவிட்டது. அது வரைக்கும் பிரச்சினை இல்லை.

சிக்கல் ஃபில்டரில். டப்பா மாதிரி வெளியில் திருகி மாட்டும் ஃபில்டர், கையால் எவ்வளவு திருகியும் அசையவில்லை. ஆயில் பட்டுக் கை வழுக்குகிறது, கைவிட இடமும் குறைவு. ஸ்க்ரூடிரைவரை அதில் குறுக்கே குத்தித் திருப்பு என்று பக்கத்தில் ஒருவர் சொல்கிறார், எனக்கு மனசு ஒப்பவில்லை. வண்டி ஆயில் இல்லாமல் நிற்பதால் வேறு எங்கும் ஓட்டிக்கொண்டு போகவும் முடியாது.

கூடவே இரண்டு சந்தேகம். மேனுவலில் ஃபில்டரோடு சேர்த்து 6.5 லிட்டர் என்று இருக்கிறது, அதை அப்படியே ஊற்றிவிடலாமா? ட்ரெயின் போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்?

மெக்கானிக் ஒருவர்:
தம்பி, முதலில் சாவியை எடுத்து உங்கள் சட்டைப்பையில் போடுங்கள். ஸ்டியரிங்கில் "ஆயில் இல்லை" என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள். வீட்டில் வேறு யாராவது வண்டியை நகர்த்தலாம் என்று ஸ்டார்ட் செய்துவிட்டால் பேரிங் போய்விடும், அப்புறம் ஃபில்டரைப் பற்றிப் பேசிப் பயனே இல்லை.

அடுத்தது, வண்டி எதன் மேல் நிற்கிறது? பிக்கப் உயரமான வண்டி, பெரும்பாலானவற்றில் தூக்காமலே கீழே படுத்து வேலை பார்க்கலாம். தூக்கியே ஆக வேண்டும் என்றால் கெட்டியான தரையில் ஸ்டாண்டு வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஒரு நிமிட வேலையாக இருந்தாலும் சரி. இறுகிய ஃபில்டரைப் பிடித்து இழுக்கும்போது வண்டி ஆடும், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

இப்போது திருகும் திசை. கீழே படுத்துக்கொண்டு, ஃபில்டரின் அடிப்பாகம் உங்களைப் பார்த்திருந்தால், கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்ப வேண்டும். பானெட்டைத் திறந்து மேலிருந்து கைவிட்டால் அதே திருப்பல் கண்ணுக்குத் தலைகீழாகத் தெரியும். ஃபில்டர் நகரவில்லை என்று வருகிறவர்களில் பாதிப் பேர் அதை இன்னும் இறுக்கிக்கொண்டுதான் வருகிறார்கள். மூடிய அடிப்பாகத்துக்கு நேராக முகத்தை வைத்துப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு திசையை முடிவு செய்யுங்கள்.

பிக்கப் ஓட்டுபவர்:
ஸ்க்ரூடிரைவர் வேண்டாம் நண்பரே. ஃபில்டர் மெல்லிய தகடு, குத்தித் திருப்பினால் பாதி நேரம் தகடுதான் கிழியும். கிழிந்தபின் எஞ்சின் பக்கம் ஒட்டிய வட்டத் தட்டு மட்டும் தனியாக நின்றுவிட்டால் பிடிப்பதற்கு எதுவுமே இருக்காது.

நான் செய்வது இதுதான். டப்பாவின் வெளிப்பக்கத்தை பிரேக் கிளீனரோ சோப்பு நீரோ போட்டுத் துடைத்து எண்ணெய்ப் பசை போகக் காயவிடுவேன், பிறகு சொரசொரப்பான உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்துத் திருகுவேன். பெரும்பாலும் இதற்கே வந்துவிடும். வரவில்லையென்றால் ஃபில்டர் ரெஞ்ச் வாங்கிவிடுங்கள். பட்டை போட்டு இறுக்குவதும் இருக்கிறது, மூடி மாதிரி அடியில் கவ்வுவதும் இருக்கிறது, இடம் குறைவு என்றால் மூடி வகைதான் வசதி, ஆனால் உங்கள் ஃபில்டரின் விட்டத்துக்கும் மடிப்புகளின் எண்ணிக்கைக்கும் சரியாகப் பொருந்த வேண்டும். பட்டை வகை என்றால் டப்பாவின் நடுவில் போடாதீர்கள், எஞ்சினை ஒட்டிய பக்கத்தில் போடுங்கள். அங்கேதான் தகடு வலுவாக இருக்கும், நடுவில் போட்டால் நசுங்கிப்போகும். வெடுக்கென்று இழுக்காமல் நிதானமாக அழுத்தம் கூட்டுங்கள், முதல் அசைவு வந்துவிட்டால் மீதியைக் கையாலேயே கழற்றலாம்.

எடுக்கும்போது உள்ளே இருக்கிற ஆயில் முழங்கை வரை வழியும், ஆயில் பிடிக்கும் தட்டைக் கீழே நகர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரில் கையுறை போட்டிருக்கிறீர்களா? பழைய ஆயில் தோலில் தொடர்ந்து படுவது நல்லதில்லை, புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் அதில் சேர்ந்திருக்கும்.

கேட்டவர்:
பட்டை ரெஞ்ச் கிடைத்தது, எஞ்சினை ஒட்டிப் போட்டதும் கட்டென்று விட்டுக்கொடுத்துவிட்டது. ரொம்ப நன்றி. ஆனால் கழற்றிய ஃபில்டரைத் திருப்பிப் பார்த்தால் அதன் வாயில் ரப்பர் ரிங் இல்லை, வெறும் பள்ளம் மட்டும் இருக்கிறது. புது ஃபில்டரில் ரிங் இருக்கிறது. பழையதில் ரிங்கே இல்லாமல் இவ்வளவு நாள் ஓடியிருக்குமா?

மெக்கானிக் ஒருவர்:
ஓடியிருக்காது. அந்த ரிங் எஞ்சின் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புது ஃபில்டரைக் கையில் எடுக்காதீர்கள், முதலில் அதைக் கண்டுபிடியுங்கள்.

டார்ச் அடித்துப் பார்த்தால்கூட ஏமாற்றும். வெப்பத்தில் கெட்டிப்பட்டு, தட்டையாகி, அழுக்கு ஆயிலோடு ஒரே கறுப்பாக, அந்த உலோக முகத்தோடு சேர்ந்த பகுதி மாதிரியே பளபளவென்று இருக்கும். துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு நகத்தை வெளிவிளிம்பிலிருந்து உள்பக்கமாக ஓட்டிப் பாருங்கள். எங்கே படி மாதிரி இடறுகிறதோ அதுதான் ரிங். மரக்குச்சி அல்லது பிளாஸ்டிக் துண்டால் நெம்பி எடுங்கள், ஸ்க்ரூடிரைவரால் கீறினால் அந்த முகத்தில் கோடு விழுந்து பிறகு அதிலேயே கசியும்.

இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய ரிங்கின் மேலேயே புது ரிங் உட்கார்ந்தால், மாட்டும்போது எந்த வித்தியாசமும் தெரியாது, நன்றாக இறுகியது போலவே இருக்கும். ஐடிலில் ஒரு சொட்டுகூட விழாமலும் போகலாம். குளிர்ந்த எஞ்சினில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஆயில் அழுத்தம் 4, 5 பார் வரை ஏறும், அப்போது இரண்டு ரப்பரும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி ஒரு பக்கம் பிதுங்கிவிடும். அப்புறம் சம்ப் (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) காலியாக நிமிடக் கணக்குதான். சாலையில் போகும்போது விளக்கு எரிந்து நீங்கள் கவனித்து நிறுத்துவதற்குள் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஆயில் மாற்றும் வேலையில் எஞ்சினையே கொல்லக்கூடிய இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கேட்டவர்:
இருந்தது அண்ணே. நகத்தில்தான் தட்டுப்பட்டது, கண்ணுக்குத் தெரியவே இல்லை. பிளாஸ்டிக் அட்டையால் நெம்பியதும் முழு வட்டமாக வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டேன். இப்போது புது ஃபில்டரில் ஆயில் நிரப்பி மாட்ட வேண்டுமா, அப்படியே மாட்டலாமா?

லாரிக்காரர்:
நான் நிரப்பித்தான் மாட்டுவேன். லாரி ஃபில்டர் பெரியது, காலியாக மாட்டினால் அது நிரம்பும் வரை டர்போ பேரிங்குக்கு ஆயில் போகாது.

மெக்கானிக் ஒருவர்:
லாரிக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் எப்படி நிரப்புகிறோம் என்பதில் விஷயம் உள்ளது. ஆயில் வெளிவட்டத்தில் இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியாக நுழைந்து, வடிகட்டும் தாளைத் தாண்டி, நடு ஓட்டை வழியாக எஞ்சினுக்குப் போகிறது. நடு ஓட்டையில் நேராக ஊற்றினால் புனலில் இருந்த தூசியோ கேன் மூடியின் பிளாஸ்டிக் துணுக்கோ வடிகட்டப்படாமல் பேரிங்குக்குப் போய்விடும். ஊற்றுவதானால் சின்ன ஓட்டைகளில் மெதுவாக ஊற்றுங்கள். ஃபில்டர் சாய்ந்தோ படுத்தோ மாட்டும் வண்டியில் நிரப்பினால் பாதி கீழேதான் கொட்டும். பிக்கப் அளவு எஞ்சினுக்கு நிரப்பாவிட்டாலும் பரவாயில்லை, ஸ்டார்ட் செய்தபின் ஆயில் விளக்கு அணையும் வரை ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இருந்தால் போதும். உங்கள் எஞ்சின் மேனுவல் ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்டுச் சொன்னால் அதையே கேளுங்கள்.

புது ரிங்கில் புது ஆயிலை விரலால் தடவுங்கள். வறண்ட ரப்பர் திருகும்போது சுருண்டுகொள்ளும், அடுத்த முறை இன்றைக்குப் போலவே ஒட்டிக்கொள்ளும். கையால் திருகி, ரிங் உலோகத்தைத் தொட்டதும், அங்கிருந்து முக்கால் சுற்று. ஃபில்டர் மேலேயே எத்தனை சுற்று என்று அச்சடித்திருந்தால் அதன்படி. இறுக்க ரெஞ்ச் வேண்டாம், கழற்றத்தான் ரெஞ்ச்.

ட்ரெயின் போல்ட்டைப் பற்றிக் கேட்டீர்கள். பழைய வாஷர் சம்பில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். முதல் சில மரைகளை விரலால் மட்டும் திருகுங்கள், விரலுக்கு அழகாகப் போகவில்லை என்றால் மரை மாறி ஏறுகிறது, கழற்றித் திரும்பப் போடுங்கள். அலுமினிய சம்ப் என்றால் இதில் இன்னும் கவனம், இரும்பு போல்ட் அந்த மரையைச் சுலபமாகத் தின்றுவிடும். கடைசி இறுக்கம் மேனுவலில் இருக்கும் எண்ணுக்கு, டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ரெஞ்ச்) வைத்து. முழு பலத்தையும் போடும் வேலை இல்லை இது.

பிக்கப் ஓட்டுபவர்:
ஊற்றும் முன் ஒரு கேள்வி. என்ன ஆயில் வாங்கியிருக்கிறீர்கள்? 5W-30 என்றால் எது வேண்டுமானாலும் போடலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

கேட்டவர்:
கேனில் 5W-30, ஏசிஇஏ சி3 (ஐரோப்பிய ஆயில் தரம்) என்று இருக்கிறது. மேனுவலிலும் அதேதான்.

பிக்கப் ஓட்டுபவர்:
சரியானதுதான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: 5W-30 என்பது கெட்டித்தன்மையை மட்டும் சொல்கிறது. டிபிஎஃப் இருக்கும் வண்டிக்குச் சாம்பல் குறைவான ஆயில் வேண்டும். சேரும் கரியை டிபிஎஃப் எரித்துத் தள்ளிவிடும், ஆயிலில் கலந்திருக்கும் உலோகச் சேர்க்கைகளின் சாம்பலை அதனால் எரிக்க முடியாது, அது உள்ளேயே தங்கி அடைத்துவிடும். கனரக டீசலுக்கு ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு) தரத்தில் 2016 டிசம்பரில் வந்த சிகே-4 வகையும் டிபிஎஃப் உள்ள எஞ்சின்களை மனதில் வைத்து வந்ததுதான். ஆனால் கடைசியில் பார்க்க வேண்டியது உங்கள் மேனுவலில் எழுதியிருக்கும் தரத்தை.

அளவு விஷயம். 6.5 லிட்டரையும் ஒரே மூச்சில் ஊற்றாதீர்கள். பழைய ஆயில் கொஞ்சம் எஞ்சினுக்குள் எப்போதும் தங்கும். 5.5 லிட்டர் ஊற்றி, மூடி போட்டு, ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும், 10 நொடிக்கு மேல் எரிந்தால் உடனே அணைத்துவிட்டு இங்கே எழுதுங்கள். அணைத்தபின் ஒரு 10 நிமிடம் காத்திருந்து, சமமான தரையில் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) துடைத்து, முழுக்கச் செருகி, எடுத்துப் பாருங்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை ஏற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் அடித்து நுரை கிளப்பும், நுரைக்கு உராய்வைத் தாங்கும் வலு கிடையாது.

கேட்டவர்:
சொன்னபடியே செய்தேன். விளக்கு உடனே அணைந்துவிட்டது. ஃபில்டரைச் சுற்றியும் போல்ட்டைச் சுற்றியும் வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தேன், ஈரமே இல்லை. மீதியைச் சிறிது சிறிதாக ஊற்றியதில் மேனுவல் சொன்ன அளவுக்குக் கொஞ்சம் குறைவாகவே மேல் கோட்டின் பக்கம் வந்துவிட்டது, அங்கேயே நிறுத்திவிட்டேன். ஒரு கவலை: தேன் நிறத்தில் ஊற்றிய ஆயில் இப்போதே டிப்ஸ்டிக்கில் கறுப்பாகத் தெரிகிறது. பழைய ஆயில் சரியாக வடியவில்லையா?

லாரிக்காரர்:
டீசல் எஞ்சினில் அப்படித்தான் இருக்கும், கவலைப்படாதீர்கள். உள்ளே தங்கிய கொஞ்சம் பழைய ஆயிலில் இருக்கும் கரியே புதியதைக் கறுப்பாக்கப் போதும். கரியை ஒட்டவிடாமல் தன்னோடு மிதக்கவைத்துக்கொள்வதுதான் அந்த ஆயிலின் வேலை. நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீரோ கூலன்ட்டோ இறங்குகிறது, அப்போது பயப்படுங்கள். வடித்த ஆயிலையும் ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள், போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது சாதாரணம், விரலில் குத்துகிற மாதிரி உலோகத் துணுக்கு இருந்தால் அது சாதாரணம் இல்லை.

கேட்டவர்:
பசை மட்டும்தான் இருக்கிறது. பழைய ஆயிலை என்ன செய்வது?

மெக்கானிக் ஒருவர்:
புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி, மூடி இறுக்கி, "பழைய ஆயில்" என்று எழுதிவையுங்கள். கூலன்ட், பெட்ரோல், தின்னர் எதையும் அதோடு கலக்காதீர்கள், கலந்துவிட்டால் மறுசுத்திகரிப்புக்கு யாரும் வாங்கமாட்டார்கள். ஃபில்டரைக் கவிழ்த்து ஒரு ராத்திரி வடியவிட்டுச் சேர்த்துக் கொடுங்கள். கழிவு எண்ணெய் சேகரிக்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும். சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றவே கூடாது, கொஞ்சம் ஆயில் நிலத்தடி நீரில் இறங்கினாலும் ஏராளமான தண்ணீர் குடிக்க உதவாமல் போகும்.

சர்வீஸ் நினைவூட்டலை ரீசெட் செய்துவிட்டு, தேதியும் கிலோமீட்டரும் எழுதி பானெட்டுக்கு அடியில் ஒட்டுங்கள். முதல் முறை வெளியே போய் வந்ததும் அடியில் மறுபடி வெள்ளைத் துணி ஒற்றிப் பாருங்கள், காலையில் குளிர்ந்த எஞ்சினில் அளவும் பாருங்கள். டிபிஎஃப் வண்டி என்பதால் இன்னொன்று: வாராவாரம் டிப்ஸ்டிக் பார்க்கும்போது அளவு குறைவதை மட்டும் கவனிக்காதீர்கள். குறுகிய தூரமே ஓட்டி, டிபிஎஃப் கரியை எரிப்பது பாதியில் நின்றுகொண்டே இருந்தால் டீசல் ஆயிலில் கலந்து அளவு மேலே ஏறும். கோட்டுக்கு மேல் போய், டீசல் வாடையும் வந்தால் கிலோமீட்டர் ஆகவில்லை என்று காத்திருக்காமல் ஆயிலை மாற்றிவிடுங்கள்.