பைட் வரிசை மாற்றிய ஃப்ளோட்டில் ஒரு பைட் 64 கூடுகிறது: 32-பிட் எக்ஸ்86 தெரிந்தவர்கள் உதவவும்

வணக்கம் நண்பர்களே. பழைய சி லைப்ரரி ஒன்று, 32-பிட் லினக்ஸில் ஓடுகிறது. மீட்டர் அளவீடுகளை பிக் எண்டியனாக்கி (மேல்மதிப்பு பைட் முதலில் வரும் வரிசை) சர்வருக்கு அனுப்பும் வேலை. அதிலுள்ள ஃபங்ஷன் ஃப்ளோட்டை (4 பைட் தசம எண்) வாங்கி, 4 பைட்டையும் தலைகீழாக்கி, ஃப்ளோட்டாகவே ரிட்டர்ன் செய்கிறது. வில்லங்கம் அங்கேதான்.

காரணம் தெரியும். இந்த ஏபிஐயில் (ஃபங்ஷன்கள் மதிப்பைக் கொடுத்து வாங்கும் விதி) ஃப்ளோட் எக்ஸ்87 (பிராசசரின் பழைய தசமக் கணக்குப் பகுதி) ரெஜிஸ்டர் வழியாகத்தான் ரிட்டர்ன் ஆகும். மாற்றிய பிட்கள் சிக்னலிங் நேன் (எண் அல்லாத மதிப்பு, கணக்கில் வந்தால் எச்சரிக்கும் வகை) வடிவில் அமைந்தால், லோட் ஆகும்போதே பிராசசர் அதை எச்சரிக்காத குவயட் நேனாக்கிவிடும். அதாவது மாற்றிய எண்ணில் மேல்மதிப்பிலிருந்து முதல் பைட் 127 அல்லது 255, இரண்டாவது 128 முதல் 191 வரை இருந்தால் (இன்ஃபினிட்டி நீங்கலாக) இரண்டாவதில் 64 ஏறும். மாற்றும் முன் இருந்த எண்ணின் கடைசி (கீழ்மதிப்பு) இரு பைட்கள் சீரற்றவை என்றால் சுமார் 512-க்கு ஒன்று கெடும். சாதாரண டெஸ்டில் சிக்காது. எஸ்எஸ்இ (பிராசசரின் புதிய தசமக் கணக்குப் பகுதி) கணக்குக்கு மாற்றினாலும் ரிட்டர்ன் வழி மாறாது.

பிட்களை மெம்காப்பி (அப்படியே நகல்) செய்து 32-பிட் முழு எண்ணாகவே ரிட்டர்ன் செய்வதுதான் ஒழுங்கான தீர்வு. ஆனால் ஏற்கெனவே கம்பைலான, சோர்ஸ் இல்லாத பிளகின்கள் இந்த ஃபங்ஷனை அழைக்கின்றன. ஜிசிசி கம்பைலரின் எஸ்எஸ்இரெக்பார்ம் அட்ரிபியூட்டும் (எஸ்எஸ்இ ரெஜிஸ்டரைப் பயன்படுத்தச் சொல்வது) அழைக்கும் பக்கத்தை மறுபடி கம்பைல் செய்யச் சொல்லும். பிளகினைத் தொடாமல் யாராவது சமாளித்திருக்கிறீர்களா?

கூடவே ஒன்று: மோட்பஸில் (மீட்டர்களுடன் பேசும் புரோட்டோகால்) 230.0 என்பது 43 66 00 00 என்றும் வரும், 00 00 43 66 என்றும் வரும். மோட்பஸ் ரெஜிஸ்டர் (இரண்டு பைட் அலகு) வரிசையை மீட்டர் வாரியாக கான்ஃபிக்கில் எழுதுகிறீர்களா, வோல்டேஜைப் படித்துக் கண்டுபிடிக்கிறீர்களா?