தூண்டில் இல்லாமல் கண்மாய்க்கரையில் என்ன செய்யலாம்?

கரைமேட்டான்:
மதுரைப் பக்கம் கிராமம். ஞாயிறு விடிஞ்சா வீட்டுக்குள்ள இருப்புக் கொள்ளாது. வேட்டைக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே கதவைச் சாத்திருச்சு, அந்தப் பேச்சே வேண்டாம். மீன்பிடியில மனசு ஒட்டலை. மலையேற்றம்னா வாராவாரம் கட்டுப்படியாகாது. பக்கத்துக் கண்மாய், தோப்பு, மொட்டை மாடி அளவுல, 10,000 ரூபாய்க்குள்ள ஆரம்பிக்கிற மாதிரி என்ன இருக்கு? "இயற்கையை ரசிங்க"ன்னு சொல்லிட்டுப் போயிராதீங்க. என்ன வாங்கணும், எங்க சொதப்பும், அதைச் சொல்லுங்க.

உள்ளான்:
கண்மாய் பக்கத்தில் இருக்கும்போது வேறெங்கும் தேட வேண்டாம், பறவை பாருங்கள். வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று: 8×42 பைனாகுலர். 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். இரண்டையும் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. விடியல் மங்கலிலும் போதும். கடைக்காரர் 20×50ஐ எடுத்து நீட்டுவார், மயங்காதீர்கள். அதில் கை நடுக்கமும் 20 மடங்கு, பார்வை வட்டமும் குறுகிவிடும். பறவையைக் கண்டுபிடிப்பதற்குள் அது பறந்திருக்கும். ஜூம் வைத்ததும் வேண்டாம்.

வாங்கியவுடன் பலர் விடும் தப்பு, வலக்கண் வளையத்தைச் சரிசெய்யாமல் இருப்பது. வலது முன்கண்ணாடியைக் கையால் மூடி, தூரத்துப் பலகை ஒன்றை இடக்கண்ணால் பார்த்து, நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடிவிட்டு, சக்கரத்தைத் தொடாமல், வலது கண்வில்லையில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். வளையம் நின்ற இடத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவர்தான் அரைமணியில் தலைவலி என்று பைனாகுலரை அலமாரியில் வைத்துவிடுவார். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் ரப்பர் குவளையை உள்ளே இறக்கிவிடுங்கள். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், இல்லையென்றால் வில்லைக்குள் பூஞ்சை பிடிக்கும்.

காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கருப்பு நிழல்தான். பறவையைக் கண்ணால் பிடித்து, பார்வையை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். மாட்டிக்கொண்டு தேடினால் கிடைக்காது.

இன்னொன்று: கண்மாய் கரைதொட்டு நிரம்பியிருக்கும்போது நாமக்கோழி, முக்குளிப்பான், வாத்துதான் இருக்கும். சேற்றில் இரை தேடும் சின்னக் கரைப்பறவைகளான உள்ளான்களுக்கு நிற்க இடமே இருக்காது. ஜனவரிக்கு மேல் தண்ணீர் வற்றிச் சேறு தெரியும்போதுதான் அவை இறங்கும். ஒரே கண்மாய்க்கு வாராவாரம் போனால்தான் இந்த மாற்றம் பிடிபடும். ஊர் ஊராக அலைவது படம் எடுப்பவர்கள் வேலை.

15 நிமிடம் நின்று, பார்த்த எல்லா இனத்தையும் எண்ணிக்கையோடு எழுதி இபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றுங்கள். காக்கையை விட்டுவிடாதீர்கள், பட்டியல் முழுமையாக இருந்தால்தான் தரவு. தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் இதே முறைதான்.

விளக்குப்பூச்சி:
ராத்திரிக்கு நான் சொல்றேன்: விட்டில் பார்க்கிறது. ஒரு பழைய வெள்ளை வேட்டி போதும். ரெண்டு மரத்துக்கு நடுவுல கயிறு கட்டித் தொங்கவிட்டு, கீழே ரெண்டடி தரையில விரியட்டும். நிறையப் பூச்சி தரையிலதான் உட்காரும். வேட்டிக்கு முன்னால ஒரு விளக்கு வைக்கணும். சாதா எல்இடி பல்புக்கு அவ்வளவா வராது. புற ஊதா எல்இடி வாங்குங்க, 395 நானோமீட்டரைவிட 365 நல்லது. பவர்பேங்க்ல ஓடுற மாதிரி எடுத்தா தோப்புலயும் வச்சுக்கலாம். விளக்கை நேராப் பார்க்காதீங்க.

அமாவாசையை ஒட்டி, மழை பெய்ஞ்சு ஓய்ஞ்ச, காத்தில்லாத புழுக்கமான ராத்திரி பாருங்க. நிலவு ஏறிருச்சுன்னா வரத்து குறைஞ்சிரும். 7 மணிக்கு ஆரம்பிச்சு 10, 11 வரைக்கும். முடிஞ்சதும் விளக்கை அணைச்சு, வேட்டியை மெதுவா உதறி எல்லாத்தையும் விட்டிருங்க. விடியுற வரைக்கும் விட்டா கரிச்சான் வந்து வரிசையாப் பொறுக்கித் தின்னுட்டுப் போயிரும்.

எங்க சொதப்பும்? செம்மஞ்சளும் கருப்பும் மாறிமாறி இருக்கிற, எறும்பு மாதிரி ஒல்லியான சின்ன வண்டு ஒண்ணு வரும். கழுத்துல ஊர்ந்தா அடிச்சிராதீங்க. நசுங்கினா அதோட நீர் பட்ட இடம் மறுநாள் கொப்பளிக்கும். ஊதித் தள்ளிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்க. காதுல பஞ்சு வச்சுக்கோங்க, சிரிக்காதீங்க, வண்டு போனா தெரியும்.

பகல்லயும் இதுக்கு வேலை உண்டு. அரளி, நந்தியாவட்டை இலை கடிபட்டிருந்தா தண்டுப்பக்கம் தேடுங்க. விரல் தண்டிப் பச்சைப் புழு, தலைக்குப் பின்னாடி நீலக் கண்புள்ளி. அரளிப் பருந்து விட்டிலோட புழு அது.

ஆறாமீன்:
அதே 8×42ஐ வானத்துக்கும் திருப்பலாம், செலவில்லை. ஜனவரி இரவு 8 மணிக்கு உச்சியில் கார்த்திகைக் கூட்டம்: வெறுங்கண்ணுக்கு ஆறு, இதில் பல டஜன். வியாழனைப் பார்க்க முழங்கையைக் கைப்பிடிச்சுவரில் ஊன்றுங்கள், பக்கத்தில் ஒரே கோட்டில் நிலவுகள் தெரியும். மே நடுவில் இரவு 9 மணிக்கு நேர் தெற்கே, கையை நீட்டினால் அடிவானத்துக்கு மேல் இரண்டு முஷ்டி உயரத்தில் திரிசங்கு, அதாவது தென்சிலுவை விண்மீன் கூட்டம். வடஇந்தியாவில் இதற்கு இவ்வளவு உயரம் கிடையாது.

கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடம் ஆகும், ஒருமுறை போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றுங்கள். ஆனால் கரையில் நடக்கும்போது வெள்ளை வெளிச்சமும் ஷூவும் கட்டாயம், பாம்பு உண்டு. பைனாகுலரை ஒருபோதும் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள்.

கரைமேட்டான்:
உள்ளான் அண்ணே, பறவையிலயே ஆரம்பிக்கிறேன். ஆனா எங்க கண்மாய்ல இருக்கிறது பூராம் வெள்ளைக் கொக்கு. எல்லாம் ஒண்ணாத்தானே தெரியுது?

உள்ளான்:
நான்கைந்து இனம் கலந்து நிற்கும். மாட்டுக்குப் பின்னால் நடக்கும் குட்டைக் கழுத்துக்காரர் உண்ணிக்கொக்கு. தண்ணீரில் நிற்பவற்றில் காலைப் பாருங்கள்: கருப்புக் காலில் மஞ்சள் பாதம் என்றால் சின்னக் கொக்கு. சேற்றுக்குள் நின்றால் தெரியாது, தூக்கி வைக்கும்வரை காத்திருங்கள். பாதமும் கருப்பு என்றால் நடுத்தரம் அல்லது பெரியது. வாய்ப் பிளவுக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு, கண்ணுக்கு நேரே நின்றுவிட்டால் நடுத்தரம். அலகு நிறத்தை நம்ப வேண்டாம், கூடு கட்டும் பருவத்தில் மஞ்சள் கறுத்துவிடும்.

கரையில் மண்நிறத்தில் குறுகி உட்கார்ந்திருந்து, எழும்பிப் பறக்கையில் மட்டும் வெள்ளையாக விரிகிறதே, அது மடையான்.