கூமுட்டை என்று யாரைச் சொல்வது?

காரைக்குடி மருமகள்:
முதல் தடவை ஐவிஎஃப், அதாவது சோதனைக் குழாய்க் குழந்தை சிகிச்சை, செய்தபோது 11 முட்டை எடுத்தார்கள், 7 கருவானது, மூன்றாம் நாள் வரை எல்லாம் ஜோர், ஐந்தாம் நாள் போன் வந்தது: ஒன்றுகூட பிளாஸ்டோசிஸ்ட், அதாவது கருப்பையில் வைக்கத் தோதான ஐந்தாம் நாள் கரு, ஆகவில்லையாம். கானாடுகாத்தானில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கூட "முட்டை சரியில்லையாமே" என்றார். அவருக்கு யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது.

அப்பத்தா மட்டும்தான், "அந்தப் பெட்டிய எத்தன தடவ திறந்தாக?" என்று கேட்டார்கள், லேபில் கருவை வைத்து வளர்க்கும் இன்குபேட்டரைத்தான். அடை வைத்தால் எங்களைப் பஞ்சாரத்துப் பக்கமே விடமாட்டார்கள், கோழியைக் கிளப்பினால் கூமுட்டைதான் என்பார்கள்.

இரண்டாம் தடவை மதுரையில் வேறு இடம். அங்கே லேப்காரரிடம் இதையே கேட்டேன், மனுஷன் சிரிக்கவில்லை. வெப்பம் 37 டிகிரி. கரு இருக்கும் திரவத்தின் பிஎச் (புளிப்பு-கார அளவு) 7.2 முதல் 7.4-க்குள் நிற்பதற்காக கார்பன் டை ஆக்சைடு 6 சதவீதம் வாக்கில். காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதம், கருப்பைக்குள் அதைவிட ரொம்பக் குறைவு, அதனால் நைட்ரஜன் விட்டு 5-க்கு இறக்கி வைக்கிறார்களாம். பழைய இடத்தில் விசாரித்தால் வெறும் காற்றளவுதான், எல்லாருக்கும் பொதுவாக ஒரே பெரிய பெட்டி. அதனால்தான் போயிற்று என்று அடித்துச் சொல்லமாட்டேன், எனக்கு அப்போது வயது 37. ஆனால் முதல் இரண்டு மூன்று நாள் முட்டையின் சேமிப்பில் ஓடும் கரு, 4 முதல் 8 செல் ஆகும்போதுதான் தன் சொந்த ஜீன்களை முழுசாக இயக்க ஆரம்பிக்கும், அதில் அப்பன் பங்கும் உண்டு என்றார். அதை அந்தப் பந்திக்காரரிடம் யார் சொல்வது?

லேப்வாசி, தேவகோட்டை:
அப்பத்தா கேட்டது சரியான கேள்வி. கதவைத் திறந்தால் சூடும் வாயுவும் பழைய நிலைக்கு வர நிமிடக் கணக்கில் ஆகும், சின்னப் பெட்டி சீக்கிரம் மீளும், கேமரா வைத்த பெட்டியில் கருவை வெளியே எடுக்காமலே பார்க்கலாம். திரவத் துளிமேல் எண்ணெய் மூடுவதும் சும்மா இல்லை. தண்ணீர் ஆவியானால் குழம்பு சுண்டி உப்புத் தூக்குகிற கதைதான், கரு தாங்காது. அப்புறம் வாசனை! ஜவ்வாது, சென்ட், பக்கத்து அறையில் புதுப் பெயிண்ட், எல்லாம் ஆகாது. ஹெப்பா ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், அந்த ஆவியைப் பிடிக்காது, அதற்குக் கார்பன் ஃபில்டர் தனியாக வேண்டும்.

காரைக்குடி மருமகள்:
ஐயோ, கரு வைக்கும் நாளில் அத்தை நல்ல சகுனம் என்று ஜவ்வாது தடவிவிட்டார்கள், நர்ஸ் வாசலிலேயே நிறுத்திக் கழுவிவிட்டு வரச் சொன்னார்! அந்தத் தடவை இரண்டு தேறியது, ஒன்றை வைத்தார்கள், ஒன்று உறைய வைத்திருக்கிறது.

புதுவயல்:
ஆச்சி, ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று டாக்டரிடம் கேட்டால் கோபிப்பாரோ?

லேப்வாசி, தேவகோட்டை:
கேளுங்க. முகம் சுளித்தால் லேப்காரரையே கேளுங்க, எங்களுக்கு இதைப் பேச ஆள் கிடைப்பதே அபூர்வம்.