புதுப்பிப்பு: தாமிரபரணிக் கரைக் கிணற்று நீரில் நாற்றம், காரணம் தெரிந்தது

மழைக்குப் பின் எங்கள் ஆற்றங்கரைக் கிணற்று நீர் நாறுவதாகவும், வீட்டில் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்றும் முன்பு கேட்டிருந்தேன், பதிலளித்தவர்களுக்கு நன்றி. ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பியில் (மலத்தோடு வரும் பாக்டீரியா நீரில் இருந்தால் கறுக்கும் குப்பி) நீரை ஊற்றி வைக்கச் சொன்ன யோசனையே பலன் தந்தது: மறுநாள் குப்பி மையாகக் கறுத்திருந்தது, அதாவது மலக்கலப்பு இருக்க வாய்ப்பு அதிகம். எதிர்பாராதது என்னவென்றால், ஆற்றில் கலக்கும் சாக்கடையை நாங்கள் சந்தேகித்திருக்க, விரிசல் விட்டிருந்தது எங்கள் செப்டிக் டேங்கின் சுவர்தான். அதன் கசிவு ஆற்றுக்கும் போயிருக்கும் என்பது வேறு விஷயம். சுவரைப் பூசியபின், கிணற்று நீர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிநீரை மட்டும் வாளியில் கிணற்றுக்குள் இறக்கிக் கலக்கி ஒரு மணி நேரம் விட்டோம். குளோரின் வாடை போனபின் வைத்த குப்பி 48 மணி நேரமாகியும் கறுக்கவில்லை. வாடை இருக்கும்போதே சோதித்தால் முடிவை நம்ப முடியாது. குடிக்க இன்னும் காய்ச்சிய நீர்தான்.