எல்.ஆர்.டி.க்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

பினாங்கு, திங்கள் இரவு

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

வெள்ளி மாலைக்குள் ஒரு துண்டறிக்கை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரே தாள், இரண்டு பக்கம். பினாங்கில் 2025 ஜனவரியில் வேலை தொடங்கிய எல்.ஆர்.டி. (லைட் ரயில் டிரான்சிட், நகருக்குள் ஓடும் ரயில்) முத்தியாரா தடத்தைப் பற்றியது. தடத்தை ஒட்டிக் குடியிருக்கும் நம்மவர்களுக்கு எந்தச் சாலை எப்போது குறுகும், தூண் நடும் இரைச்சல் எந்நேரம் இருக்கும், பேருந்து நிறுத்தம் எங்கே மாறும் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மலாய் மூலத்திலிருந்து மொழிபெயர்க்கிறேன். சாலை, தூண், பேருந்து எல்லாம் முடிந்துவிட்டன. தலைப்பில்தான் நிற்கிறேன்.

'இலகு ரயில்' என்று போட்டேன். அம்மாவுக்கு 78 வயது. வாசித்துவிட்டு, "இலகுன்னா, ஏறி எறங்கச் சுலபமா இருக்குமா?" என்று கேட்டார். மூட்டுவலிக்காரர், ஆசையாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உதவுங்கள்.

சென்னை, செவ்வாய் காலை

அக்கா, இதற்கு இவ்வளவு யோசனை வேண்டாம். ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் எல்லோருக்கும் 'இலகுரக வாகனம்' தெரியும். அதற்கு எதிர் 'கனரக வாகனம்'. லாரிக்காரரும் போக்குவரத்துக் காவலரும் தினமும் புழங்குகிற சொல். 'இலகுரக ரயில்' என்று போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

கோவை, செவ்வாய் காலை

தம்பி சொன்ன தொடரைப் பிரித்துப் பார்த்தேன். இலகு, வடமொழி லகு. ரகம், அரபியில் பிறந்து உருது வழியாக வந்தது. ரயில், ஆங்கிலம். மூன்று சொல், மூன்று மொழி, ஒன்றுகூடத் தமிழ் இல்லை. இதற்கு எல்.ஆர்.டி. என்றே விட்டுவிடலாம், மையாவது மிச்சம்.

எடை குறைந்ததைச் சொல்லத் தமிழில் 'நொய்' இருக்கிறதே. நொய்ம்மை, நொய்யது, நொய்வு. நுண்மையும் நொறுங்கலும் இதன் உறவினர் என்பது என் கருத்து. வண்டியோ 'வள்' என்னும் வளைவுக் கருத்து வேரில் பிறந்தது. வளையல், வட்டம், வண்டி என்று வரிசையாக நிறுத்திப் பாருங்கள், தெரியும். மெய்ப்பொருள், பொய்ப்புகழ் போல வலி மிகும். ஆகவே 'நொய்த்தொடர்வண்டி'.

சென்னை, செவ்வாய் பகல்

ஐயா மன்னிக்கணும். எங்கள் வீட்டில் நொய் என்றால் காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைக்கிற உடைந்த அரிசி. 'நொய்த்தொடர்வண்டிக்குத் தூண் எழுப்புகிறார்கள்' என்று படித்தால், அந்தத் தூண் பக்கம் யாரும் பைக் நிறுத்த மாட்டார்கள்.

கோவை, செவ்வாய் மாலை

நொய்யல் ஆற்றங்கரையில் வளர்ந்தவனிடம் நொய்யைக் கேலி செய்யாதீர்கள். அந்த ஆற்றின் பழம்பெயர் காஞ்சிமாநதி. அது எப்போது, ஏன் நொய்யல் ஆயிற்று என்பது பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. பேரூர்ப் பக்கம் மணல் அவ்வளவு பொடியாக

மட்டுறுத்துநர் குறிப்பு

நொய்யல் ஆற்றுக்குத் தனி இழை தொடங்கவும். கோவை ஐயாவின் மடலில் மிச்சம் இருந்த நான்கு பத்திகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன்.

சிங்கை, செவ்வாய் இரவு

இங்கே எம்.ஆர்.டி. (மாஸ் ரேபிட் டிரான்சிட், பெருங்கூட்டம் ஏற்றும் ரயில்) 'பெருவிரைவு ரயில்', எல்.ஆர்.டி. 'இலகு ரயில்'. எழுதுவதும் படிப்பதும் அப்படித்தான், யாரும் கண்ணைச் சுருக்குவதில்லை. முதல் எல்.ஆர்.டி. தடம் 1999-இல் புக்கிட் பாஞ்சாங்கில் திறந்தது. நான் அந்தப் பக்கம்தான் இருக்கிறேன், தினமும் ஏறுகிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அது ரயிலே இல்லை. ரப்பர் டயர், கான்கிரீட் தளம். நடுவில் திசைபிடிக்க ஒரு விட்டம் ஓடும், சக்கரம் அதன்மேல் ஏறாது. ஓட்டுநரும் கிடையாது. அடுக்குமாடி வீடுகளுக்கு மிக அருகில் போவதால், அந்த இடம் வந்ததும் ஜன்னல் கண்ணாடி பால் ஊற்றினாற்போல் தானாக மங்கும். உள்ளே இருக்கிறவர்களின் அந்தரங்கத்துக்காக. புதிதாக வந்தவர்கள் பனி படிந்துவிட்டது என்று கைக்குட்டையால் துடைப்பார்கள். கட்டடம் தாண்டியதும் தெளிந்துவிடும், தாங்கள் துடைத்ததால்தான் என்று திருப்தியாக உட்காருவார்கள்.

தண்டவாளம் இல்லாததை ரயில் என்கிறோம். 'இலகு' மட்டும் சரியாக இருக்க வேண்டுமென்று சண்டை போடுகிறோம்.

யாழ்ப்பாணம், புதன் காலை

எங்கட பக்கம் ரயிலுக்குச் சொல் குறைவில்லை. அரச அறிவிப்பில் புகையிரதம். தனித்தமிழ் விரும்புவோருக்குத் தொடருந்து. அப்பு ஆச்சி வாயில் கோச்சி. டீசலில் ஓடுவதற்கும் புகையிரதம் என்றுதான் பலகை நிற்குது, ஒருத்தரும் புகையைத் தேடிப் போறேல்லை.

கொழும்புக்கும் ஓர் எல்.ஆர்.டி. வர இருந்தது தெரியும்தானே. மாலபேயிலிருந்து கோட்டை வரை 15.7 கிலோமீட்டர், 16 நிலையங்கள். 2019-இல் ஜப்பானியக் கடனுக்குக் கையெழுத்தானது, 2020 செப்டம்பரில் வேண்டாம் என்று நிறுத்தினார்கள். இடைப்பட்ட காலமெல்லாம் 'இலகு ரயில்' என்று வாசித்து எங்களுக்குப் பழகிப்போச்சு. பெயர் வந்தது, ரயில் வரவில்லை.

கோவை ஐயாவுக்கு ஒன்று. 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே' என்கிறது தொல்காப்பியம். லகுவின் வடவெழுத்தை நீக்கி, லகரம் மொழிக்கு முதலில் வராதென்பதால் முன்னே இகரமும் இட்டு, இலகு என்று உள்ளே எடுத்தாயிற்று. இதைவிட ஒழுங்காக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த சொல் வேறு உண்டோ? இன்னொன்று. இலகுதல் என்றால் விளங்குதல், ஒளிவிடுதல் என்று அகராதியில் தனிவினை கிடக்கிறது. அதன்படி 'இலகு ரயில்' வினைத்தொகை: இலகிய ரயில், இலகுகின்ற ரயில், இலகும் ரயில். தூய தமிழ்.

சென்னை, புதன் காலை

இலகுக்கு இகரம் போட்டீர்கள். ரகரமும் மொழிமுதலில் வராதே, ரயிலுக்கு ஏன் போடவில்லை? 'இலகு இரயில்' என்றல்லவா வர வேண்டும்?

பினாங்கு, புதன் பகல்

துண்டறிக்கையில் அந்த ஓர் எழுத்துக்கு இடமில்லை தம்பி. பேருந்து எண்கள் இன்னும் பாக்கி.

பொன்மலை, புதன் மாலை

ரயில்வே பணிமனையில் 31 வருடம் இருந்தவன். இத்தனை மடலில் யாரும் ஒன்றைக் கேட்கவில்லை. எது இலகு?

தண்டவாளமா? நம் ரயில்வேயில் மீட்டருக்கு 52 கிலோ, 60 கிலோ என்று போடுவோம். எல்.ஆர்.டி.யில் போடுவதையும் நீங்கள் தோளில் வைத்துக்கொண்டு நடக்க முடியாது. பெட்டி சற்று எடை குறைவு, சரி. ஆனால் பெயர் அதிலிருந்து வரவில்லை. பிரிட்டனில் 1896-இல் இலகு ரயில்பாதைச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். கிராமப் பக்கம் குறைந்த செலவில், குறைந்த வேகத்தில் ஓடும் பாதைகளுக்கு. அந்தச் சொல் அப்படியே கிடந்தது. 1972-இல் அமெரிக்க அரசின் நகரப் போக்குவரத்து நிர்வாகம் அதைத் தூசு தட்டி எடுத்தது. டிராம் என்றால் பழைய காலத்துச் சாமான் என்று ஜனங்கள் முகம் சுளித்த நேரம். ஜெர்மானியர்கள் டிராமை மேம்படுத்தி, தனித்தடம் கொடுத்து, 'ஷ்டாட்பான்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்கு நேர்பொருள் நகர ரயில். அமெரிக்கர்கள் அதை மொழிபெயர்க்காமல் 'லைட்' என்றார்கள். ஏற்றும் கூட்டம் குறைவு, அதுதான் அந்த லைட். கனம் என்பதும் அப்படியே, பெருங்கூட்டம் ஏற்றுவது.

ஆக, எடையைக் குறிக்கும் சொல் எதைப் போட்டாலும் தப்பு. நொய்யும் தப்பு, இலகும் தப்பு.

இன்னொன்று, அம்மணி. 'தூண் நடும் இரைச்சல்' என்று எழுதியிருக்கிறீர்கள். பைல் வேறு, தூண் வேறு. பைல் மண்ணுக்குள் இறங்குவது. தூண் அதன் தலையில் எழுவது. காது கிழிகிற வேலை பைலில்தான். தூண் வந்த பிறகு அதன்மேல் கர்டரை, அதாவது பாதையைத் தாங்கும் விட்டத்தை, ஏற்றுவார்கள், அதற்குச் சாலையை மூடுவார்கள், பெரும்பாலும் ராத்திரியில். இதைப் பிரித்துச் சொல்லாவிட்டால் ஜனங்கள் தூணைப் பார்த்ததும் இரைச்சல் இனிமேல்தான் என்று பயப்படுவார்கள்.

பினாங்கு, புதன் இரவு

ஐயா, கோடி நன்றி. பைலை 'அடித்தளக் குழாய் இறக்கும் வேலை' என்று மாற்றப் பார்த்தேன். 'எல்லாமே குழாய் இல்லை, துளையிட்டுக் கம்பிக்கூடு இறக்கிக் கான்கிரீட் ஊற்றுவதும் உண்டு' என்று நீங்களே தனிமடலில் சொல்லிவிட்டீர்கள். 'அடித்தளம் இறக்கும் வேலை' என்று வைத்துவிட்டேன்.

நீங்கள் சொன்னதைப் படித்ததும் மலாய் மூலத்தை மறுபடி எடுத்தேன். அதில் எல்.ஆர்.டி.யின் முழுப்பெயர் 'திரான்சிட் அலிரான் ரிங்ஙான்'. அலிரான் என்றால் ஓட்டம், தண்ணீர் ஓடுகிற மாதிரி. ரிங்ஙான் என்றால் லேசு. எம்.ஆர்.டி.யை 'அலிரான் மாசா' என்பார்கள். மலாய்க்காரர்கள் ரயிலை லேசு என்று சொல்லவில்லை, ஆள் ஓட்டத்தைத்தான் லேசு என்கிறார்கள். இத்தனை வருடம் இதைப் பலகையில் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன்.

பொன்மலை, வியாழன் காலை

அதுதான் சங்கதி. அப்படியானால் மாஸுக்குப் பெருந்திரள், லைட்டுக்குச் சிறுதிரள். 'சிறுதிரள் ரயில்'.

கோலாலம்பூர், வியாழன் காலை

இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். காலை ஏழரைக்கு மஸ்ஜித் ஜாமெக்கில் ஏறிப் பார்த்துவிட்டு 'சிறுதிரள்' என்று எழுதுங்கள் ஐயா. என் மதிய உணவு டப்பா போன வாரம் இன்னொருவர் பையோடு போய்விட்டது.

கோவை, வியாழன் பகல்

பொன்மலையார் தந்த ஜெர்மன் குறிப்புக்கு நன்றி. இரவெல்லாம் தூங்கவில்லை. விடை அதிலேயே இருக்கிறது: 'நகர்வண்டி'.

நகருக்குள் ஓடும் வண்டி என்று விரித்தால் ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. நகர்ந்த, நகர்கின்ற, நகரும் வண்டி என்று விரித்தால் வினைத்தொகை. ஒரே சொல்லில் இடமும் இயக்கமும். எந்த மொழியிலும் இப்படி அமையாது. சந்திச் சிக்கலும் இல்லை. நொய்யைத் திரும்பப் பெறுகிறேன், அது தனியாக வாழும்.

நகர் என்பதற்குச் சங்கப் பாட்டில் வீடு என்ற பொருளும் உண்டு என்பது அன்பர்கள் அறிந்ததே. வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் வண்டி என்றும் கொள்ளலாம்.

இன்னொரு குறிப்பு. முத்தியாரா என்றால் மலாயில் முத்து. இது நம் 'முத்தாரம்' என்பேன். கப்பலும் கடையும் நம்மிடமிருந்து மலாய்க்குப் போன சொற்கள். முத்து மட்டும் கரையிலேயே நின்றிருக்குமா? தடத்தின் பெயர் தமிழ், அதில் ஓடுவதன் பெயரும் தமிழாக இருக்கட்டும்.

யாழ்ப்பாணம், வியாழன் பகல்

முக்தாஹாரம் என்ற வடசொல்லிலிருந்து நேரே போயிருக்கலாமே ஐயா.

கோவை, வியாழன் பகல்

முக்தாவே முத்திலிருந்து போனது என்று காட்ட முடியும்.

மட்டுறுத்துநர் குறிப்பு

தனி இழை.

சென்னை, வியாழன் மாலை

நகர்வண்டி காதுக்கு நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் ஊரில் 'வண்டி நகருது' என்றால் நெரிசலில் முன்னால் இருப்பவன் அரை அடி விட்டுக்கொடுத்தான் என்று பொருள். மின்சார ரயிலும் மெட்ரோவும்கூட நகரில்தான் ஓடுகின்றன, அவை நகர்வண்டி இல்லையா? டிராம் என்றே போட்டால் என்ன? மெட்ராஸில் 1895-இலிருந்து 1953 வரை ஓடியது. எங்கள் தாத்தா கடைசிவரை டிராம் என்றுதான் சொன்னார். ஒன்றிய அரசு 2019-இல் 'மெட்ரோலைட்' என்று எல்.ஆர்.டி. வகையில் ஒன்றை அறிவித்தது. அதற்கும் நாளை நாம்தான் உட்கார்ந்து அடித்துக்கொள்ள வேண்டும்.

பினாங்கு, வியாழன் இரவு

ஜார்ஜ் டவுனிலும் டிராம் இருந்தது, 1936-இல் நிறுத்தினார்கள். சூலியா தெரு முனையில் அந்தத் தண்டவாளத் துண்டை இன்னும் பார்க்கலாம், பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். ஆனால் இப்போது வருவது தெருவில் ஓடாது. தூண்மேல் உயரத்தில் ஓடும், கடலையும் தாண்டிப் பெருநிலத்துக்குப் போகும். டிராம் என்று போட்டால், எங்கள் தெருவுக்குள் வருமா என்று கேட்டு ஆள் வந்துவிடும்.

இங்கும் தனிமடலிலும் இதுவரை எழுதியவர்களை எண்ணினேன். இலகு ரயில் 6. நகர்வண்டி 3. எல்.ஆர்.டி. என்றே விடலாம் 2. இலகுரக ரயில் 1, சிறுதிரள் 1. ஆறு பேரில் நான்கு பேர் 'வேறு வழியில்லாமல்' என்று சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

பொன்மலை, வியாழன் இரவு

தப்பு என்று தெரிந்தே போடுங்கள். சிங்கப்பூரில் டயரில் ஓடுவதற்கு ரயில், இலங்கையில் புகையில்லாததற்குப் புகையிரதம். நானும் இலகுக்கு மாறிக்கொள்கிறேன், ஏழு என்று திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் பைலையும் தூணையும் மறுபடி கலந்துவிடாதீர்கள்.

பினாங்கு, வெள்ளி மாலை

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். தலைப்பில் ஒரு தடவை 'எல்.ஆர்.டி. இலகு ரயில்', அதற்குக் கீழே எல்லாம் வெறும் 'ரயில்'. அம்மாவிடம் மெய்ப்பைக் காட்டினேன். இந்த முறை தலைப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நேரே இரண்டாம் பக்கத்துக்குப் போய், நிலையத்தில் மின்தூக்கி உண்டு என்ற வரியை விரலால் தொட்டு, இதை ஏன் மேலே பெரிசாகப் போடவில்லை என்றார். போட்டுவிட்டேன்.

அனைவருக்கும் நன்றி. இழையை முடித்துக்கொள்ளலாம்.

கோவை, சனி காலை

அச்சாகிவிட்டதா? ஆகியிருந்தால் சரி. அடுத்த பதிப்பு என்று ஒன்று வருமல்லவா, அதற்காகச் சொல்லிவைக்கிறேன். நகர்வண்டிக்கு வாக்களித்த மற்ற இருவரும் தனிமடலில் எழுதவும். 'நகர்' பற்றி நேற்றிரவு இன்னும் இரண்டு சான்று கிடைத்தது.