கழட்டின வன்பொருளுக்கு வர்ற டிரைவர் அப்டேட்: "சாதனச் சுவடு"ன்னு சொல்லலாமா?

வணக்கம் நண்பர்களே,

எல்லாரும் எழுதினதைப் படிச்சுட்டுத்தான் இதை எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க. கம்ப்யூட்டர்லேருந்து கழட்டி எடுத்துட்ட ஒரு கார்டுக்கோ டாங்கிளுக்கோ (யூஎஸ்பியில சொருகுற குட்டிச் சாதனம்) டிரைவர் அப்டேட், அதாவது அந்தச் சாதனத்தைக் கம்ப்யூட்டரோட பேச வைக்கிற மென்பொருளுக்குப் புதுப்பிப்பு, வந்துக்கிட்டே இருந்தா அதைத் தமிழ்ல எப்படிச் சொல்றதுங்கிறது கேள்வி. இதுவரைக்கும் பேய் இயக்கி, அனாதை இயக்கி, எச்ச இயக்கி, குப்பை இயக்கி, பழைய இயக்கின்னு அஞ்சு வந்திருக்கு. டிரைவருக்கு இயக்கிங்கிறதுல யாருக்கும் சண்டை இல்ல, ஓட்டுநர்னு எழுதினா பஸ் ஞாபகம் வந்துடும், அதை அப்படியே விட்டுடலாம். எனக்கு என்ன படுதுன்னா, நாம தேடுறது ஒரு பேர், அங்க இருக்கிறதோ மூணு பொருள். அதைப் பிரிக்காம எந்தப் பேர் வெச்சாலும் ஒரு இடத்துல பொருந்தும், அடுத்த இடத்துல இடிக்கும்.

எனக்கே இது புரிஞ்சது போன மாசம் எங்க சித்தப்பாவுக்கு ஃபோன்ல உதவி பண்ணும்போதுதான். அவர்கிட்ட ஒரு யூஎஸ்பி வைஃபை டாங்கிள் இருந்துச்சு, உடைஞ்சு போய்த் தூக்கிப் போட்டு ஒரு வருஷம் ஆச்சு, ஆனா விண்டோஸ் அப்டேட்ல ஆப்ஷனல் பட்டியல்ல அதோட டிரைவர் மட்டும் வந்து நிக்குது. "அதான் டாங்கிளே இல்லையேப்பா, அப்புறம் யாருக்கு இந்த அப்டேட்?"னு கேட்டார். நியாயமான கேள்வி. டிவைஸ் மேனேஜரை (விண்டோஸ்ல சாதனங்களைப் பட்டியல் போட்டுக் காட்டுற இடம்) திறக்கச் சொல்லி, வியூ மெனுவுல மறைஞ்சிருக்கிற டிவைஸ்களைக் காட்டுங்கிறதைத் தட்டச் சொன்னேன். நெட்வொர்க் அடாப்டர்ங்கிறதை விரிச்சதும் "என்னப்பா இது, டாங்கிள் பேர் மூணு தடவை இருக்கு, ரெண்டாவதுல #2, அடுத்ததுல #3, எல்லாம் மங்கலா இருக்கு"ன்னார். அவர் அந்த டாங்கிளை அப்பப்போ வேற வேற யூஎஸ்பி துளையில சொருகியிருக்கார். தனி சீரியல் நம்பர் இல்லாத யூஎஸ்பி சாதனத்தை வேற துளையில சொருகினா விண்டோஸ் அதைப் புதுசா வந்த ஒண்ணுன்னு எடுத்துக்கிட்டு இன்னொரு பதிவு போட்டுடும். ஒரு டாங்கிள், மூணு பதிவு.

அப்போ அவர் சொன்னதுதான் இந்த மெயிலுக்கே காரணம். "காலண்டரைக் கழட்டினப்புறம் சுவத்துல அந்த இடம் மட்டும் வேற கலர்ல தெரியுமே, அந்த மாதிரி இருக்கு"ன்னார். மூணையும் அன்இன்ஸ்டால் பண்ணி, கூடவே டிரைவரையும் நீக்குங்கிற கட்டத்துல டிக் போட்டு, ரீஸ்டார்ட் பண்ணி மறுபடி அப்டேட் தேடினோம், அது வரல.

அதனால அந்த மூணு பொருளையும் தனித்தனியாச் சொல்றேன். முதல்ல, சாதனம் ஒரு தடவை வந்து போனதுக்கு சிஸ்டம் வெச்சிருக்கிற பதிவு, அதாவது மங்கலாத் தெரிஞ்சது. அதுல சாதனத்தோட அடையாள எண் இருக்கும், பிசிஐ கார்டா (மதர்போர்டுல சொருகுற கார்டு) இருந்தா யார் செஞ்சதுங்கிறதுக்கு ஒரு எண், எந்த மாடல்ங்கிறதுக்கு ஒரு எண் (8086ன்னா இன்டெல், 10டிஈன்னா என்விடியா). எந்த டிரைவர் எதுக்குப் பொருந்தும்னு பார்க்கிறது இந்த எண்களை வெச்சுத்தான். அடுத்தது டிரைவர் ஸ்டோர்ல, அதாவது விண்டோஸ் டிரைவர்களைச் சேர்த்து வெச்சுக்கிற இடத்துல, உக்காந்திருக்கிற டிரைவர் தொகுப்பு. விஸ்டாவுலேருந்து விண்டோஸ் ஒவ்வொரு டிரைவரையும் முதல்ல அந்த ஸ்டோருக்குள்ள ஒரு பிரதி எடுத்து வெச்சுக்கிட்டுத்தான் நிறுவும், வெளியிலேருந்து வந்ததுக்கெல்லாம் ஓஇஎம்12.ஐஎன்எஃப் மாதிரி ஒரு பேரும் குடுக்கும், சாதனம் போனாலும் அது அங்கேயே இருக்கும். கடைசியாத்தான் அந்தப் பதிவைத் தேடிக்கிட்டு வெளியிலேருந்து வர்ற அப்டேட். நமக்குக் கண்ணுல படுறது இந்தக் கடைசிப் பொருள், தொந்தரவுக்கு வேர் முதல் பொருள், ஆனா நாம எல்லாரும் பேர் வைக்கப் பார்த்தது நடுவுல இருக்கிற தொகுப்புக்கு!

இப்போ வந்திருக்கிற பேர்களைப் பார்க்கலாம். பேய் இயக்கின்னு சொன்னா சட்டுனு மனசுல ஒட்டும், ஆங்கிலத்துலயும் பேய்ங்கிற பொருள்லதான் சொல்றாங்க, ஆனா அவங்க பேய்ன்னு சொல்றது சாதனத்தை, டிரைவரை இல்ல. அதோட கம்ப்யூட்டர்னாலே பயப்படுற ஒருத்தர்கிட்ட "உங்க சிஸ்டத்துல மூணு பேய் இருக்கு"ன்னு சொல்ல எனக்கு மனசு வரல, வைரஸ் போலன்னு நெனைச்சுப்பாங்க. அனாதைங்கிற சொல்லை மனுஷங்களுக்கே இப்போ வேண்டாம்னு விட்டுக்கிட்டு வர்றோம், அதைக் கொண்டு வந்து ஒரு ஃபைலுக்கு வைக்க வேண்டாமேன்னு தோணுது.

பழைய இயக்கிங்கிறது தப்பே. இது வயசு சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல, நேத்து வாங்கி இன்னைக்குக் கழட்டினாலும் இதே கதைதான். டிரைவர்ல போட்டிருக்கிற தேதியை வெச்சுப் பழசுன்னு முடிவு பண்ணவும் முடியாது. விண்டோஸோடவே வர்ற டிரைவர்கள் நிறையதுல 2006 ஜூன் 21ன்னு இருக்கும், இன்டெல் சிப்செட் டிரைவர்ல 1968 ஜூலை 18ன்னே இருக்கும், அது அந்தக் கம்பெனி ஆரம்பிச்ச நாள். சாதனம் தயாரிச்சவங்களோட சொந்த டிரைவர் இருந்தா அதுக்கு வழிவிடணும்னு வேணும்னே பழைய தேதியாப் போடுறாங்க. தேதியைப் பார்த்துப் பழசுன்னு நெனைச்சு அதை அழிச்சவங்களை நான் பார்த்திருக்கேன்.

எச்ச இயக்கி எனக்கு ரொம்பப் பிடிச்சது, பெயரெச்சம் வினையெச்சம்னு இலக்கணத்துல வர்ற அதே எச்சம், முடியாம நிக்கிறது. பழைய தமிழ்ல எச்சம்னா ஒருத்தருக்குப் பின்னாடி நிக்கிற பிள்ளைகள், புகழ்ங்கிற பொருளும் இருக்கு, அழகான சொல். ஆனா இன்னைக்கு எச்சம்னு தனியாச் சொன்னா முக்கால்வாசிப் பேருக்குக் காக்கா எச்சம்தான் ஞாபகம் வரும், அதை மாத்துறது நம்ம கையில இல்ல.

குப்பைங்கிறதை மட்டும் நான் கடுமையா மறுக்கிறேன், ஏன்னா அந்தப் பதிவு குப்பை இல்ல. நீங்க திரும்பச் சொருகும்போது அதே டிரைவ் எழுத்து, அதே போர்ட் எண், அதே நெட்வொர்க் செட்டிங் கிடைக்கணும்னுதான் சிஸ்டம் அதை ஞாபகம் வெச்சிருக்கு. இப்போ சொருகாம இருக்கிற பென் டிரைவ், மவுஸ் எல்லாமே அந்தப் பட்டியல்ல மங்கலாத்தான் தெரியும். குப்பைன்னு பேர் வெச்சா படிக்கிறவங்க எல்லாத்தையும் வரிசையா அழிச்சுடுவாங்க, நாமளே தப்பான வழி காட்டின மாதிரி ஆகிடும். நல்லது கெட்டது எதையும் சொல்லாம, ஒருத்தர் வந்து போன இடம்ங்கிறதை மட்டும் சொல்ற சொல் வேணும்.

அதுக்குத்தான் "சாதனச் சுவடு". காலடிச் சுவடுன்னு எல்லாருக்கும் தெரிஞ்ச சொல், ஆள் போயாச்சு அடையாளம் இருக்குங்கிறது அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கு, விளக்கமே வேண்டாம். இணையத்துல நாம விட்டுட்டுப் போறதுக்கும் சுவடுன்னு சிலர் எழுதுறாங்க, குழம்பாதான்னு கேப்பீங்க, அதனாலதான் முன்னாடி சாதனத்தைச் சேர்த்தேன். ஏட்டுச் சுவடியோட குழம்பும்னு ஒரு பயம் எனக்கே இருந்துச்சு, ஆனா வேற்றுமை சேர்ந்ததும் இது சுவட்டை, அது சுவடியைன்னு பிரிஞ்சுடுது.

நடுப் பொருளுக்குப் புதுச் சொல்லே வேண்டாம், "எஞ்சிய இயக்கி"ன்னு சாதாரணமாச் சொன்னாலே போதும். சுவடும் எஞ்சிய இயக்கியும் வேற வேறதானான்னு சந்தேகம் இருந்தா, விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான லினக்ஸைப் பாருங்க. அங்க பெரும்பாலான டிரைவர் கெர்னலோடயே (சிஸ்டத்தோட மையப் பகுதி) வருது, பூட் ஆகும்போது எந்தச் சாதனம் இருக்கோ அதுக்கான மாட்யூலை (டிரைவர் துண்டு) மட்டும் எடுத்துக்கும், கழட்டிட்டா டிவைஸ் மேனேஜர் மாதிரி மங்கலாக் காட்டுற பட்டியல் கிடையாது. ஆனா என்விடியாவோட சொந்த டிரைவரை டிகேஎம்எஸ் (ஒவ்வொரு கெர்னலுக்கும் டிரைவரைத் திரும்பக் கட்டித் தர்ற கருவி) வழியா போட்டிருந்தா, கார்டைக் கழட்டினப்புறமும் புதுக் கெர்னல் வர்றப்போ எல்லாம் அது உக்காந்து அந்த மாட்யூலைக் கம்பைல் பண்ணிக்கிட்டு இருக்கும், அந்தப் பேக்கேஜை நாமதான் நீக்கணும். அதாவது சுவடு இல்லாமலேயே எஞ்சிய இயக்கி உண்டு. விண்டோஸ்ல டிக் போடாம அன்இன்ஸ்டால் பண்ணினாலும் அதே நிலைதான், சுவடு போயிடும், இயக்கி ஸ்டோர்லயே நிக்கும்.

எஞ்சிய இயக்கி இல்லாம சுவடு மட்டும் படுத்துற பாடும் உண்டு. பழைய நெட்வொர்க் கார்டைக் கழட்டிட்டு புதுசு மாட்டி அதே ஐபி முகவரியைக் குடுத்தா, இந்த முகவரி ஏற்கனவே வேற அடாப்டருக்குக் குடுத்தாச்சு, ஆனா அந்த அடாப்டர் கம்ப்யூட்டர்ல இல்லன்னு ஒரு செய்தி வரும். முதல் தடவை அதைப் பார்த்தப்போ நான் அரை மணி நேரம் திகைச்சு உக்காந்திருந்தேன். இல்லாத கார்டு எப்படி முகவரியைப் பிடிச்சு வெச்சிருக்கும்? "பழைய கார்டோட சுவடு இன்னும் இருக்கு, அதை நீக்குங்க"ன்னு அன்னைக்கு யாராவது ஒரு வரி சொல்லியிருந்தா போதும்.

ஒரு சொல் தேறுமாங்கிறதை நான் இப்படித்தான் பார்ப்பேன், ஃபோன்ல அடுத்தவங்களுக்கு வழி சொல்லும்போது அது வாயில வருதான்னு. "மங்கலாத் தெரியுற சாதனச் சுவட்டுல ரைட் கிளிக் பண்ணி நீக்குங்க, எஞ்சிய இயக்கியையும் சேர்த்து நீக்கவான்னு கேட்டா டிக் போடுங்க, அதே இயக்கியை வேற சாதனம் எதுவும் பயன்படுத்தலைன்னு மட்டும் பார்த்துக்கோங்க." எனக்கு இது சரளமா வருது. சித்தப்பாகிட்டயும் அடுத்த தடவை இப்படியே சொன்னேன், "சரி, சுவட்டை அழிச்சுடுறேன்"னார், அது என்னன்னு கேக்கல.

கடைசிப் பொருளுக்கு மட்டும்தான் எனக்கு இன்னும் திருப்தி இல்ல. "சுவட்டுப் புதுப்பிப்பு"ன்னு எழுதிப் பார்த்தேன், சுவட்டையே புதுப்பிக்கிற மாதிரி அர்த்தம் வருது. புதுப்பிப்புக்குப் பதிலா இற்றைன்னு எழுதுறவங்களும் இங்க இருக்கீங்க, "இல்லாச் சாதன இற்றை"ன்னா பொருள் சரி, வாயில நுழையல. இதுக்கு உங்க யாருக்காவது நல்லதா ஒண்ணு தோணினா எழுதுங்க, அதுவரைக்கும் முதல் ரெண்டை மட்டும் நம்ம சொல் பட்டியல்ல சேர்த்துடலாம்னு கேட்டுக்கிறேன்.