உயிரியல் விஞ்ஞானத்துக்கு எந்தக் கம்பஸ்? படித்தவர்கள் சொல்லுங்கள்

செங்கலடிப் பிள்ளை:

வணக்கம். உயர்தரத்தில் பயோ செய்தேன், மட்டக்களப்பு மாவட்டம். மருத்துவத்துக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளி) காணாது. போன வருட வெட்டுப்புள்ளிகளை வைத்துப் பார்த்தால் உயிரியல் விஞ்ஞானம் எங்கேயாவது கிடைக்கும் போலிருக்கிறது. இப்போது விண்ணப்பத்தில் யுனிகோட் வரிசையை, அதாவது எந்தப் பாடநெறி, எந்தக் கம்பஸ் என்ற குறியீடுகளை விருப்பப்படி, நிரப்ப வேண்டும். அப்பா வந்தாறுமூலையை (கிழக்குப் பல்கலைக்கழகத்தை) முதலாவதாகப் போடச் சொல்கிறார், சைக்கிளிலேயே போய் வரலாம் என்று. ரியூஷன் சேர் கொழும்பைத் தவிர வேறு எதையும் நினைக்காதே என்கிறார். எனக்கு ஆசை பேராதனையில். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உண்மையில் அங்கே படித்தவர்கள் என்ன கண்டீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும். கையேட்டில் இருப்பதைத் திருப்பிச் சொல்ல வேண்டாம், அதை வாசித்துவிட்டேன்.

ஹந்தானை மழை:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணத்திலிருந்து பேராதனைக்குப் போனவள். ஏ9 வீதி கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. அந்த வீதி முழுவதையும் பஸ் யன்னலில் தலை சாய்த்தபடி பார்த்து முடித்திருக்கிறேன்.

முதலில் எல்லாரும் கேட்கும் விஷயம், ஆங்கிலம். விஞ்ஞான பீடங்களில் எங்கே போனாலும் படிப்பு ஆங்கிலத்தில்தான், வந்தாறுமூலையானாலும் கொழும்பானாலும். அதனால் ஆங்கிலத்துக்குப் பயந்து ஒரு கம்பஸைத் தவிர்ப்பதில் அர்த்தமில்லை. வித்தியாசம் வகுப்புக்கு வெளியேதான். பேராதனையில் கன்ரீன், விடுதி, பஸ், நோட்டீஸ் பலகைக்கு முன்னால் நடக்கும் கதை எல்லாம் சிங்களத்தில். தமிழ்ப் பிள்ளைகளோடு மட்டும் ஒட்டிக்கொண்டால் சமாளிக்கலாம், ஆனால் முக்கியமான 'குப்பி' வகுப்புகள் பல கைவிட்டுப் போகும். பரீட்சைக்கு முன் சக மாணவர்களே ஒருவருக்கொருவர் படிப்பிப்பதைத்தான் குப்பி என்கிறோம். நான் சிங்களம் கற்றது எந்தப் புத்தகத்திலிருந்தும் இல்லை, என் அறைத் தோழி கணித்தலில் என்னைவிடக் கெட்டிக்காரி என்பதால்.

இரண்டாவது, இதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 'உயிரியல் விஞ்ஞானம்' என்று எடுபட்டுவிட்டால் நீங்கள் எதில் பட்டதாரியாவீர்கள் என்று முடிவாகிவிடவில்லை. முதல் வருடத்தில் பாடச் சேர்க்கை ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். அதில் தாவரவியல் இல்லையென்றால் பிறகு தாவரவியலில் சிறப்புப் பட்டத்துக்குப் போக முடியாது, அவ்வளவுதான். பிறகு பெரும்பாலும் இரண்டாம் வருட முடிவில் புள்ளிகளை வைத்துச் சிறப்புப் பட்டத்துக்கு ஆட்களை எடுப்பார்கள். ஒவ்வொரு துறையிலும் இடம் கொஞ்சம்தான். மூலக்கூற்று உயிரியலுக்கு எங்கள் பட்ச்சில் அடிபிடி. அதற்கென்றே பேராதனையை முதலாவதாகப் போட்டு வந்த ஒருத்தி அது கிடைக்காமல் விலங்கியலுக்குப் போனாள். இப்போது நன்னீர் மீன்களில் ஆய்வு செய்கிறாள், அவளை அதிலிருந்து பிரிக்க முடியாது. ஆனால் எல்லாக் கதையும் அப்படி முடியாது. மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு வெளியேறி, நான்கு வருடச் சிறப்புப் பட்டம் கேட்கும் வேலைகளுக்கு விண்ணப்பிக்க முடியாமல் நிற்பவர்களும் இருக்கிறார்கள்.

மூன்றாவது, இடம். யாழ்ப்பாணத்து நீராவியடியில் பிறந்தவளுக்கு, பேராதனை வளாகத்துக்கு மேலே நிற்கும் ஹந்தானை மலையின் மழை ஒரு தண்டனை. ஆய்வுகூட வெள்ளை அங்கி மூன்று நாள் காயாது. அட்டைக்கடி தனி. அதை மறக்கச் செய்வது தாவரவியல் செயன்முறைதான். அரச தாவரவியல் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. இனங்காணல் படிக்கும்போது கையில் இருப்பது படம் அல்ல, உண்மையான இலை. புவிச்சரிதவியலுக்கும் தனித் துறை உண்டு. பள்ளியில் அப்படி ஒரு பாடம் இருப்பதையே நாங்கள் அறிந்திருக்கவில்லை.

விடுதி பெரிய ஆறுதல். வாடகை வீடு தேடி அலைவது குறைவு. 'சரசவி உயன' புகையிரத நிலையம் வளாகத்தோடு ஒட்டியது. காலை ரயிலில் வந்து இறங்கி நேரே விரிவுரைக்குப் போனவர்கள் உண்டு. நான் அப்படிப்பட்டவள் இல்லை, தூங்கிவிடுவேன்.

வெள்ளவத்தைப் போர்டிங்:

கொழும்பு விஞ்ஞான பீடம். சுருக்கமாகச் சொல்கிறேன். படிப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. புள்ளிவிபரவியலுக்கும் அணு விஞ்ஞானத்துக்கும் தனித் துறைகள் உள்ளன, பயோ பிள்ளைகளும் புள்ளிவிபரவியலை எட்டிப் பார்க்கலாம். ஆனால் காசு. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை, அது எல்லாருக்கும் தெரியும். இருப்பதற்கும் சாப்பிடுவதற்கும்தான் போகும். மகாபொல மாதப் புலமைப்பரிசில் 5,000 ரூபாயாக இருந்து 2025இல் 7,500 ஆனது. வெள்ளவத்தையில் ஒரு அறையைப் பகிர்ந்துகொண்டாலும் அந்தப் பணம் வாடகைக்கே பத்தாது. நான் ஓ.எல். பிள்ளைகளுக்கு ரியூஷன் கொடுத்துத்தான் நான்கு வருடத்தையும் ஓட்டினேன். அது சுமை என்று சொல்லமாட்டேன், படிப்பித்ததால் எனக்கு இரசாயனம் தெளிவானது. ஆனால் சனி, ஞாயிறு இல்லாமல் போனது. உங்கள் சேர் சொல்லும் 'கொழும்பு' என்ற பெயருக்கு வேலை நேர்முகத்தில் பெரிய மரியாதை கிடைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. எந்தத் துறையில் சிறப்புப் பட்டம், ஆய்வு எதில் என்றுதான் கேட்டார்கள்.

செங்கலடிப் பிள்ளை:

நன்றி அக்கா, அண்ணா. பாடச் சேர்க்கை விஷயம் எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு ராகிங் பயம். அதைப் பற்றியும் யாராவது நேர்மையாக எழுதுவீர்களா?

பெயர் வேண்டாம்:

நான் எழுதுகிறேன், எந்தக் கம்பஸ் என்று கேட்க வேண்டாம். முதல் வாரங்களில் விடுதிக்கு வெளியே நிறுத்தி வைத்தார்கள், உடுப்புக்கும் சட்டம், சிரிப்புக்கும் சட்டம். அடி விழவில்லை. ஆனால் நித்திரை இல்லாமல் விரிவுரையில் உட்கார்ந்து என்ன படிப்பது? பகிடிவதையைத் தடுக்கும் சட்டம் 1998இலேயே வந்துவிட்டது. சட்டத்தைப் பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை, முறையிடத்தான் தைரியம் வரவில்லை. எனக்கு மேல் இருந்த ஒரு அக்கா மூலம் விஷயம் விரிவுரையாளர் ஒருவருக்குப் போனது, எங்கள் பக்கத்து அறைகளுக்கு அதோடு நின்றது. அம்மாவிடம் சொல்லுங்கள்: தெரிந்த அக்கா ஒருத்தி அங்கே இருக்கிறாளா என்று முதலில் தேடிப் பாருங்கள். பீடத்துக்குப் பீடம், பட்ச்சுக்குப் பட்ச் இது மாறும். அதனால் இந்தக் கம்பஸில் உண்டு, அதில் இல்லை என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

தேயிலைக்காடு:

ஹட்டன் பக்கம், லயத்திலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போனவன் நான். எங்கள் தோட்டத்தில் அது ஒரு செய்தி. 1974இல் பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில் தொடங்கியது, திருநெல்வேலியில். வெயில் என்னைக் கொன்றது. ஆனால் தமிழ் ஊரில் படிப்பது என்ன சுகம் என்று அங்கே போன பிறகுதான் விளங்கியது. வங்கி, பொலிஸ், ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் என் மொழி. நம்பினால் நம்புங்கள், என் ஆய்வுகூடக் குழுவில் பாதிப் பேர் சிங்களப் பிள்ளைகள். அவர்களுக்கு நான் கடையில் தமிழில் பேசிச் சாமான் வாங்கிக் கொடுத்தேன், அவர்கள் எனக்கு ஆங்கில அறிக்கை எழுத உதவினார்கள். கடல் பிடிக்குமென்றால் மீன்பிடியியலுக்குத் தனித் துறை இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் களவேலைக்குக் கடல் பக்கத்திலேயே.

நுவரெலியா மாவட்டம் என்பதால் எனக்கு வெட்டுப்புள்ளி குறைந்திருந்தது. அதை ஒளிக்க மாட்டேன். இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அந்தப் பதினாறில் ஒன்று, உங்களுக்கும் அது உதவும். கொழும்புப் பிள்ளைகள் இதைச் சொல்லிக் காட்டினால் பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

வந்தாறுமூலைக்காரன்:

எல்லாரும் வெளியே போகச் சொல்கிறீர்கள், நான் உள்ளே இருந்து கதைக்கிறேன். நான் கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடம். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பித்தபோதே இருந்த பீடங்களில் விஞ்ஞானமும் ஒன்று, புதிய இடம் அல்ல. எங்கள் வகுப்பு சின்னது. விரிவுரையாளருக்கு என் பெயர் தெரியும், என் கெட்ட பழக்கங்களும் தெரியும். பெரிய கம்பஸில் நூறு பேருக்குள் ஒருவனாக இருந்திருந்தால் மூன்றாம் வருடமே ஆய்வுக்குள் இழுத்திருப்பார்களா என்று சந்தேகம். மட்டக்களப்பு வாவியோரக் கண்டல் தாவரங்களில் வேலை செய்தேன். கருவியில் பார்க்க வேண்டிய சில மாதிரிகளை எடுத்துக்கொண்டு ஹந்தானையிலுள்ள அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனேன். அங்கே உள்ளவர்கள் நான் எந்தக் கம்பஸ் என்று கேட்டது சாப்பாட்டு மேசையில்தான்.

ஒரு வேடிக்கை. செங்கலடியில் முடியும் ஏ5 வீதி எங்கே தொடங்குகிறது தெரியுமா? பேராதனையில். பதுளை வழியாக. அந்தப் பாதையில் மோட்டார் சைக்கிளில் போனால் இடுப்பு வேறு ஆளுடையது மாதிரி இருக்கும், முயற்சி செய்ய வேண்டாம்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. வீட்டிலிருந்து போவது செலவைக் குறைக்கும், சரி. ஆனால் வீட்டிலிருந்து போகும் பிள்ளைக்கு மாலையில் கல்யாண வீடு, கோயில், தம்பியின் பாடம் எல்லாம் வந்து சேரும். நூலகத்தில் ஆறு மணிக்குப் பிறகு இருந்தவர்கள் எல்லாம் விடுதிப் பிள்ளைகள். அப்பாவிடம் இதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பிள்ளைத் தகப்பன்:

மகளுக்குச் சொல்வதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன் பிள்ளை. மூத்தவளை வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும்போது அழுதாள், கொழும்பு கிடைக்கவில்லை என்று. 2021இல்தான் அது தனிப் பல்கலைக்கழகமானது, அதற்கு முன் யாழ்ப்பாணத்தின் வளாகம். பம்பைமடுவில் சுற்றாடல் விஞ்ஞானம் படித்தாள். குளம், காடு, யானை வேலி என்று அலைந்தாள். நான் ஒரு கேள்விதான் கேட்பேன்: அந்தப் பாடத்தை நான்கு வருடம் வெறுக்காமல் படிப்பாயா? கொவிட், பிறகு 2022இல் எரிபொருள் இல்லாத காலம் என்று படிப்பு இழுபட்டது. பாடம் பிடிக்காத பிள்ளைகள் அந்த இழுவையில் விட்டுப் போனதைப் பார்த்தேன்.

கந்தகம்:

இதையும் தெரிந்து வையுங்கள், யாருக்காவது உதவும். இரசாயனம்தான் உயிர் என்றால் ராஜகிரியவில் இலங்கை இரசாயன நிறுவகத்தின் நான்கு வருடப் பட்டதாரிப் பயிற்சி இருக்கிறது, 1979இலிருந்து நடக்கிறது. கட்டணம் உண்டு. நாவலவிலுள்ள திறந்த பல்கலைக்கழகத்துக்கும் இசட் புள்ளி தேவையில்லை, பணம் கட்ட வேண்டும், மட்டக்களப்பிலும் நிலையம் உண்டு. வேலை செய்துகொண்டே படித்த என் மச்சான் அங்கேதான் பி.எஸ்ஸி. முடித்தார். இரசாயனம் படித்துத் தொழிற்சாலைக்குப் போக ஆசையென்றால் ஜயவர்த்தனபுரவில் பல்பகுதிய (பொலிமர்) விஞ்ஞானம், உணவு விஞ்ஞானம் பாருங்கள். களனியில் நுண்ணுயிரியலுக்குத் தனித் துறையே இருக்கிறது. கொழும்பு, பேராதனை என்ற இரண்டு பெயரை வைத்துக்கொண்டே எல்லாரும் அடித்துக்கொள்வதால் இவை கண்ணில் படுவதில்லை.

செங்கலடிப் பிள்ளை:

இன்றைக்கு அப்பாவோடு உட்கார்ந்து நான்கு பீடங்களின் பாடச் சேர்க்கைகளை எழுதி வைத்துப் பார்த்தோம். எனக்குத் தாவரவியலும் இரசாயனமும் சேர்ந்து வேண்டும் என்பது மட்டும் இப்போது தெரிகிறது. பேராதனையை மேலே போட்டால், அது கிடைக்காமல் போனால் வந்தாறுமூலையும் போய்விடுமா என்று அப்பா கேட்கிறார்.

ஹந்தானை மழை:

போகாது தங்கச்சி. நிறையப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள். உங்கள் புள்ளிக்குத் தகுதியான விருப்பங்களில் வரிசையில் எது மேலே இருக்கிறதோ அது தரப்படும். பேராதனைக்குப் புள்ளி காணாவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள், அதை இரண்டாவதாகப் போட்டதற்காக வந்தாறுமூலையில் யாரும் உங்களைப் பின்தள்ள மாட்டார்கள். ஆபத்து மறுபக்கம். வந்தாறுமூலையை மேலே போட்டு அது கிடைத்துவிட்டால் கீழே உள்ள பேராதனையைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள், புள்ளி போதுமாக இருந்தாலும். அதனால் 'எது கிடைக்கும்' என்று கணக்குப் போட்டு வரிசையை அடுக்காமல் விருப்பப்படியே அடுக்குங்கள். போன வருட வெட்டுப்புள்ளி இந்த வருடம் அப்படியே இருக்காது. அப்புறம், வரிசை முடியும் முன் சலித்துப்போய் நிறுத்திவிடாதீர்கள். போகத் தயாராக இருக்கும் எல்லாவற்றையும் போடுங்கள், போகவே மாட்டேன் என்பதை மட்டும் விடுங்கள்.